கலே நகரின் ஆறு பேர்: ரோதானின் வெண்கலச் சிற்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தில் கயிறு, காலில் செருப்பில்லை, உடம்பில் ஒரு நீண்ட சட்டை மட்டும். ஆறு ஆண்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தபடி நிற்கிறார்கள். பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோதான் (1840–1917) செய்த இந்தச் சிற்பத்தின் படத்தைக் காட்டினால், "யார் இவர்கள், யாராவது செத்துப்போய்விட்டார்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். யாரும் இன்னும் சாகவில்லை. சாகப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தில்தான் சிற்பமே இருக்கிறது.

இவர்கள் யார்? என்ன நடந்தது?

1346இல் கிரெசி என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த கையோடு, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் கலே துறைமுகத்தைச் சுற்றி வளைத்தார். பிரான்சின் வட கரையில், இங்கிலாந்துக்கு மிக அருகில் இருக்கும் ஊர் அது. அதைப் பிடித்தால் பிரான்சுக்குள் நுழைய ஒரு வாசல் கிடைத்துவிடும். முற்றுகை ஏறக்குறைய 11 மாதம் நீடித்தது. கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது; குதிரை, நாய், பூனை வரை தின்று தீர்த்தார்கள். காப்பாற்ற வந்த பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப், எதிரியின் காவல் பலத்தைப் பார்த்துவிட்டுப் போரிடாமலே திரும்பிப் போனார். 1347 ஆகஸ்டில் ஊர் பணிந்தது.

எட்வர்ட் கடுங்கோபத்தில் இருந்தார். ஊரின் முக்கியப் புள்ளிகள் ஆறு பேர் தலையில் எதுவும் அணியாமல், வெறுங்காலுடன், சட்டையோடு, கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டு, ஊரின் சாவிகளைக் கையில் ஏந்தி வந்தால் மற்றவர்களை விட்டுவிடுவதாகச் சொன்னார். முதலில் எழுந்து நின்றவர் ஊரின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான எஸ்தாஷ் த சேன்பியேர். பிறகு ழான் தேர், அண்ணன் தம்பிகளான ழாக் த விசான், பியேர் த விசான், அப்புறம் ழான் த ஃபியன், ஆந்திரியே தாந்திர். ஆறு பேரும் எதிரியின் பாசறைக்கு நடந்தார்கள். எட்வர்ட் தலையை வெட்டச் சொன்னார். நிறைமாதமாக இருந்த அரசி பிலிப்பா முழந்தாளிட்டு மன்றாட, மன்னர் மனம் இரங்கினார்.

'பர்கர்' என்றால்? தின்பதா?

இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. ஆங்கிலத்தில் இந்தச் சிற்பத்துக்கு 'பர்கர்ஸ் ஆஃப் கலே' என்று பெயர். இடைக்கால ஐரோப்பாவில் மதிலுக்குள் வீடு, தொழில், வரி, வாக்கு என்று எல்லா உரிமையும் உள்ள நகரக் குடிமகன்தான் பர்கர். பிரபுவும் அல்ல, உழவனும் அல்ல, பெரும்பாலும் வியாபாரி. தமிழில் 'நகரத்தார்' என்றால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் படிப்பவர்கள் நேரே காரைக்குடிக்குப் போய்விடுவார்கள். 'பெருங்குடியோர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்கள் போர்வீரர்கள் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கணக்குப் புத்தகமும் கிடங்கும் வைத்திருந்தவர்கள். சாவுக்குப் பயிற்சி எடுத்தவர்கள் அல்லர்.

கதை உண்மையிலேயே நடந்ததா?

ஓரளவு. நமக்குக் கிடைக்கும் புகழ்பெற்ற வடிவம் ஃப்ருவாசார் என்ற வரலாற்றுக் குறிப்பாளர் எழுதியது. அவர் எழுதியது சம்பவம் நடந்து பல வருடங்களுக்குப் பிறகு, தனக்கு முன் எழுதிய ழான் லெ பெல் என்பவரை அடியொற்றி. சாவி, கயிறு, வெறுங்கால் எல்லாம் அந்தக் காலத்தில் தோற்ற ஊர் பணிந்ததைக் காட்டும் சடங்கின் பகுதி, கொல்லும் எண்ணமே மன்னருக்கு இருந்திருக்காது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அரசி மன்றாடியதும் அந்த நாடகத்தில் ஒரு காட்சி என்பார்கள்.

இன்னொரு சங்கதி, பள்ளிக்கூடப் பாடத்தில் வராது. தியாகத்தின் திருவுருவாகப் போற்றப்படும் எஸ்தாஷுக்கு, அதே ஆண்டு அக்டோபரில் எட்வர்ட் மன்னரே கலேயில் சொத்தும் உதவித்தொகையும் கொடுத்தார். ஊரின் பெரும்பாலான மக்களை வெளியேற்றிவிட்டு ஆங்கிலேயரைக் குடியேற்றிய மன்னர், இவரை வைத்துக்கொண்டார். இதனால் எஸ்தாஷ் துரோகி ஆகிவிடமாட்டார். ஆனால் கதை சொல்வதுபோல அவ்வளவு வெள்ளையாகவும் இல்லை. கலே 1558 வரை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது.

நடந்து 500 வருடம் கழித்து ஏன் சிலை?

இரண்டு காரணம். 1870–71இல் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவிடம் பிரான்ஸ் படுதோல்வி அடைந்தது. வென்றவனுக்குச் சிலை வைக்க ஆளில்லாத நேரம். தோற்றாலும் மானத்தோடு தோற்றவர்களைத் தேடினார்கள். அடுத்தது உள்ளூர்க் காரணம். பக்கத்திலிருந்த சேன்பியேர் என்ற தொழில் நகரத்தோடு கலே 1885இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பழைய மதில்கள் இடிக்கப்பட்டன. மதிலும் போய், பெயரும் கரைந்துவிடுமோ என்ற பயத்தில், ஊரின் பழம்பெருமைக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று நகரத் தலைவர் ஓமேர் தெவாவ்ரேன் முனைந்தார். 1884இல் ரோதானைப் பார்த்தார். 1885 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கேட்டது ஒருவர் சிலை, கிடைத்தது ஆறு. எப்படி?

ஊர்க் குழு மனத்தில் வைத்திருந்தது எஸ்தாஷ் ஒருவரை. ரோதான் ஃப்ருவாசாரைப் படித்தார். ஆறு பேர் சேர்ந்து நடந்திருக்கும்போது ஒருவரை மட்டும் எப்படிச் செய்வது? ஒரு சிலைக்குப் பேசிய தொகைக்கே ஆறையும் செய்து தருகிறேன் என்றார். பேரம் என்று பார்த்தால் ஊருக்கு லாபம். கலை என்று பார்த்தால், நினைவுச்சின்னம் என்றால் நடுவில் உயர்ந்து நிற்கும் ஒரு நாயகன் என்ற வழக்கத்தை அந்த ஒரு முடிவு உடைத்துவிட்டது.

ஊரார் ஏன் சண்டை போட்டார்கள்?

1885இல் ரோதான் அனுப்பிய இரண்டாவது மாதிரியைப் பார்த்த குழுவுக்கு அதிர்ச்சி. எங்கள் முன்னோர் இப்படித் தொங்கிய தலையோடா போனார்கள், நிமிர்ந்து நடந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். ஆறு பேரும் ஒரே உயரத்தில் நிற்பதால் மேலே எடுப்பாக ஒரு சிகரமும் இல்லை, கோயில் கோபுரத்தில் கலசம் வைக்க மறந்த மாதிரி. ரோதான் மசியவில்லை. அடிவாரம் அகன்று உச்சி கூராகும் அமைப்பு பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு என்பது அவர் கட்சி.

பிறகு பணம் போட்டிருந்த வங்கி முறிந்தது. வேலை இழுத்தது. பிளாஸ்டர் சாந்தில் ஆறு உருவங்களும் 1889இல் தயாராகி, பாரிசில் ஓவியர் மோனேயின் படங்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டன. கலேயில் வெண்கலமாக நின்றது 1895 ஜூன் 3ஆம் தேதி. பத்து வருடத்துக்கு மேல்.

என் பார்வையில் ஊர்க் குழுவை முட்டாள்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவர்கள் கேட்டது பெருமை. ரோதான் கொடுத்தது பயம். பயந்த மனிதனுக்கு ஊர் நடுவில் சிலை வைப்பது இன்றைக்கும் எந்த நகராட்சியிலும் எளிதாக ஒப்புதல் பெறும் விஷயமா?

சாவி, கயிறு, சட்டை: இவற்றுக்கு என்ன பொருள்?

மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. சாவி ஊரின் அதிகாரம். அதைக் கொடுத்தால் ஊரைக் கொடுத்தாயிற்று. கயிறு தண்டனை, அதுவும் தானே மாட்டிக்கொண்டது. சட்டையும் வெறுங்காலும் அந்தஸ்தைக் கழற்றி வைத்ததன் அடையாளம். பட்டு அணிந்து பழகியவர் உள்ளாடையோடு தெருவில் நடக்கிறார்.

ரோதான் இந்தப் பொருள்களைப் பெரிதாகக் கொண்டாடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு முன் இந்தக் காட்சியை வரைந்தவர்கள் அரசன், அரசி, பாசறை, வாளேந்திய வீரன் என்று மேடையை நிரப்பினார்கள். இங்கே எதிரியே இல்லை. மதில் இல்லை, வாசல் இல்லை. ஆறு உடல்களும் அவை எடுத்து வைக்கப் போகும் ஓர் அடியும் மட்டும். சின்னங்களைச் சட்டையின் மடிப்பிலும் விரலிலும் கணுக்காலிலும் தேடவேண்டியிருக்கிறது. சட்டைகள் துணிபோல மெல்லியதாக விழவில்லை. நனைந்த சாக்குபோல நேர்கோடாகத் தரையை நோக்கி இழுக்கின்றன. நடக்க விரும்பும் காலும் நகர மறுக்கும் துணியும்.

கையும் காலும் ஏன் அவ்வளவு பெரிது? அளவு தப்பிவிட்டதா?

தப்பவில்லை. ரோதானுக்கு உடற்கூறு தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1877இல் அவர் காட்டிய 'வெண்கல யுகம்' என்ற ஆண் உருவம் அவ்வளவு தத்ரூபமாக இருந்ததால், உயிருள்ள ஆளின் மேலேயே அச்செடுத்துவிட்டார் என்று பழி சுமத்தினார்கள். அளவு சரியாகச் செய்யத் தெரிந்தவர்தான் இங்கே வேண்டுமென்றே மீறுகிறார்.

பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டிருப்பதுபோலப் பரந்திருக்கின்றன. கைகள் கனமாகத் தொங்குகின்றன. எஸ்தாஷின் விரல்கள் வீங்கி, பிடிக்க எதுவும் இல்லாமல் விரிந்து கிடக்கின்றன. முகம் பார்க்க முடியாத தூரத்திலும் இந்தக் கைகள் தெரியும். முதலில் ஒவ்வொருவரையும் நிர்வாணமாகக் களிமண்ணில் செய்து, எலும்பும் தசையும் சரியான பிறகே அதன் மேல் துணி போர்த்தினார் ரோதான். அதனால்தான் அந்தச் சாக்குச் சட்டைக்கு அடியில் நடுங்கும் முழங்காலை உணர முடிகிறது. அந்தக் காலத்தில் அவர் பட்டறையில் வேலை செய்த, பின்னாளில் தனியே பெரும் சிற்பியாக அறியப்பட்ட கமீல் குளோதெல் இந்தக் கைகால்களில் பலவற்றைச் செய்திருப்பார் என்று கருதப்படுகிறது.

ஆறு பேரையும் எப்படி அடையாளம் காண்பது?

தாடி வைத்து, தலை குனிந்து, நடுவில் நிற்கும் முதியவர் எஸ்தாஷ். அவர் முடிவு எடுத்துவிட்டார். இனி நடக்கவேண்டியதுதான் பாக்கி.

பெரிய சாவியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்பவர் ழான் தேர். குழுவிலேயே நிமிர்ந்தவர் இவர்தான், ஆனால் தாடையைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அவமானத்தை விழுங்குபவரின் நிமிர்வு அது. கலே குழு கேட்ட வீரத்தை ரோதான் இவரிடம் கொடுத்தார் என்றால், அதன் விலையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, ஒரு கையை மேலே தூக்கி விரல்களைத் தளரவிட்டவர் பியேர் த விசான். அந்தக் கை வா என்கிறதா, போ என்கிறதா, போகட்டும் விடு என்கிறதா? எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறாகத் தெரிகிறது. அவருடைய சகோதரர் ழாக், கெட்ட கனவை விரட்டுபவர்போல முகத்துக்கு முன் கையைக் கொண்டுவருகிறார். கைகளை விரித்து, வாய் லேசாகத் திறந்தபடி இருக்கும் இளையவர் ழான் த ஃபியன். ஏன் நான், என்று கேட்கிற வயது. ஆறாமவர் ஆந்திரியே தாந்திர், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போடவில்லை. சேர்ந்து எடுத்த முடிவாக இருந்தாலும் சாவை அவரவர் தனியாகத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. சாவியையும் கயிற்றையும்விட ஆளுக்கும் ஆளுக்கும் நடுவிலிருக்கும் இந்த வெற்றிடத்தையே சிற்பத்தின் மையச் சின்னம் என்பேன்.

அரசி பிலிப்பா எங்கே? காப்பாற்றியவரே அவர்தானே?

அதனால்தான் அவர் இல்லை. அவரைச் சேர்த்தால் நமக்கு முடிவு தெரிந்துவிடும், நெஞ்சு லேசாகிவிடும். ரோதான் தேர்ந்தெடுத்த கணத்தில் இந்த ஆறு பேருக்கும் மன்னிப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பீடம் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பீடம்தான் சண்டையின் பாதி. ரோதானின் ஆசை இரண்டு நேர்எதிர் யோசனைகளாக இருந்தது. ஒன்று, வானம் பின்னணியாகும்படி மிக உயரத்தில் வைப்பது. மற்றது, பீடமே இல்லாமல் நகரச் சதுக்கத்தின் கல்தரையில், ஒருவர் பின் ஒருவராக, ஜெபமாலை மணிபோல நிறுத்துவது. கலே மக்கள் கடைக்குப் போகும்போது முழங்கை இடித்துக்கொண்டு போகட்டும், நேற்றுவரை தங்களோடு வாழ்ந்தவர்கள்போல இவர்களை உணரட்டும் என்று நினைத்தார்.

ஊர் இரண்டையும் விட்டுவிட்டு நடுத்தரமாக ஒன்றைச் செய்தது: வழக்கமான பீடம், சுற்றி இரும்பு வேலி. ரோதான் இறந்து ஏழு வருடம் கழித்து, 1924இல், தாழ்வான மேடைக்குச் சிற்பம் மாற்றப்பட்டது. இன்று நகர மன்றக் கட்டடத்துக்கு முன் தாழ்வான மேடையில் இருக்கிறது. கண்ணுக்குக் கண் பார்க்கலாம். உயரம் சுமார் 217 சென்டிமீட்டர் என்பதால் நம்மைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். தெய்வ அளவு இல்லை.

எப்படி வார்த்தார்கள்? நம் ஐம்பொன் சிலைபோலவா?

இல்லை. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலை உள்ளேயும் கனம். ஒரு மெழுகுக்கு ஒரே சிலை. ரோதான் உலோகத்தை வார்த்தவரே அல்லர். களிமண்ணில் செய்வார், அதிலிருந்து சாந்து வடிவம் எடுப்பார்கள், சாந்து வார்ப்புப் பட்டறைக்குப் போகும். கலே சிற்பத்தை வார்த்தது லெப்லான் பார்பெதியென் பட்டறை. உள்ளே பொள்ளலாகத்தான் இருக்கும். கனமாக வார்த்தால் அந்த அளவுக்கு எடை தாங்காது, ஆறும்போது உலோகம் சுருங்கி வெடிப்பும் விடும்.

பச்சையாக இருக்கிறதே, களிம்பு ஏறிவிட்டதா? புளி போட்டுத் தேய்க்கக் கூடாதா?

தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்கில் களிம்பு அழுக்கு. இங்கே அது தோல். வெண்கலத்தின் மேல் அமில உப்புக் கரைசல்களைச் சூடாகத் தடவி, கறுப்பு, பழுப்பு, பச்சை என்று நிறம் வரவழைப்பது பட்டறையிலேயே நடக்கும் வேலை. மேடு பள்ளத்தில் நிழல் நிற்க அந்த இருண்ட நிறம் தேவை. மழையும் கடற்காற்றும் பிறகு தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

லண்டனிலும் டோக்கியோவிலும் பார்த்தேன். எது அசல்?

எல்லாமே அசல், சட்டப்படி. சாந்து வடிவம் இருக்கும்வரை வார்த்துக்கொண்டே போகலாம் என்பதால், 12 வார்ப்புகளுக்கு மேல் அசல் என்று சொல்லக் கூடாது என்று பிரெஞ்சுச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. ரோதான் தன் படைப்புகளையும் உரிமையையும் 1916இல் அரசுக்கு எழுதிக் கொடுத்தார். பிற்கால வார்ப்புகளைச் செய்வித்தது பாரிசிலுள்ள ரோதான் அருங்காட்சியகம். கோபன்ஹேகன், ஃபிலடெல்ஃபியா, பாரிஸ், பாசல், வாஷிங்டன், டோக்கியோவின் உவேனோ, நியூயார்க் என்று வரிசை போகிறது. 12ஆவது 1995இல் சியோலுக்காக வார்க்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவங்கள் தனித்தனியாகத் தரையிலேயே நிற்கின்றன, ரோதானின் கல்தரை ஆசைக்கு நெருக்கமாக.

லண்டன் வார்ப்பு நிற்கும் இடம்தான் வேடிக்கை. இவர்களைக் கயிறு மாட்டி வரச்சொன்ன மன்னரின் நாட்டில், நாடாளுமன்றத்தை ஒட்டிய விக்டோரியா டவர் பூங்காவில், 1915 முதல் நிற்கிறார்கள்.

ரோதானுக்கும் நடராஜருக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, ஆனால் கலே சிற்பத்துக்குப் பிறகு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்கள் ரோதானின் கைக்குக் கிடைத்தன. அவற்றைப் பார்த்து, 1913 வாக்கில், சிவனின் நடனம் பற்றி உருகி எழுதினார். அவர் இறந்த பிறகு 1921இல் அது அச்சானது. சென்னைக்கு வந்ததில்லை, சிலையை நேரில் பார்த்ததும் இல்லை. நடராஜரைப் பார்த்துத்தான் இந்த ஆறு பேரைச் செய்தார் என்று சமூக வலைத்தளத்தில் யாராவது எழுதினால், ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரில் போனால் எங்கிருந்து பார்ப்பது?

முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. படம் எடுப்பவர்கள் எல்லோரும் எஸ்தாஷும் சாவிக்காரரும் தெரியும் பக்கத்தில் நின்று எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுற்றி வாருங்கள், மெதுவாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. ஒருவர் முகம் வரும்போது இன்னொருவர் முதுகாகிவிடுவார். பின்பக்கம் வந்ததும் ஆந்திரியே தாந்திர் இருப்பார், தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களும் குனிய வேண்டும்.